கைராசியும் கணக்கும்

மேல்சிகிச்சைக்கு என்று சீட்டு எழுதியாகிவிட்டது. அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மருத்துவமனை வராந்தாவில் நிற்கிறார் மகன். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியா, நாகர்கோவில் தனியாரா, களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரமா? மச்சான் போனில் சொல்கிறார்: “அங்க கொண்டு போ. நல்ல கைராசியுள்ள டாக்டராக்கும்.” முடிந்தது. பித்தப்பையோ, இடுப்பு மூட்டோ, பைபாஸோ, குமரி மாவட்டத்தில் பல குடும்பங்கள் இடம் தேர்வது இப்படித்தான்.

கைராசியை நாம் கேலி செய்யவில்லை. 1922 எவரெஸ்ட் பயணத்துக்குப் பிறகு நெய்யூருக்கு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் கத்தியெடுத்த டாக்டர் சோமர்வெல் காலத்தில், நோயாளிக்கு ஊர் வாய்தான் அளவுகோல். இன்று அப்படியல்ல. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அனுமதி வாங்கப் பரிசோதனை முடிவுகளும், பணம் வாங்க டிஸ்சார்ஜ் சம்மரியும் போயாக வேண்டும். எங்கே எத்தனை மூட்டு மாற்று நடந்தது, எத்தனை பேர் மறுபடியும் படுக்கைக்கு வந்தார்கள் என்று எண்ணுவதற்கான காகிதம் அரசிடம்தான் குவிகிறது. பில்லைச் சரிபார்க்க உதவும் அந்தக் காகிதம், சீட்டெழுதும் டாக்டரின் மேசைக்கும் வரட்டும்.

விபத்துக்கும் நெஞ்சுவலிக்கும் இப்படிக் கணக்குப் பார்த்துத் தேர்வது பொருந்தாது. அங்கே வசதியுள்ள பக்கத்து மருத்துவமனைதான் நல்ல மருத்துவமனை. நாள் குறித்துச் செய்யும் பெரிய அறுவை சிகிச்சைகளுக்காவது மருத்துவமனை வாரியாக எண்ணிக்கை, 30 நாளுக்குள் இறப்பு, தொற்று, மறு அறுவை ஆகியவற்றை அரசு வெளியிட வேண்டும்.

‘சிக்கலான கேஸை எடுப்பவருக்குத்தான் கெட்ட பெயர் வரும்’ என்பார்கள் மருத்துவர்கள். உண்மை. எல்லோரும் கைவிட்ட நோயாளி கடைசியில் வந்து சேர்கிற அரசு மருத்துவக் கல்லூரியின் இறப்பை, ஆரோக்கியமானவர்களைப் பொறுக்கியெடுக்கும் இடத்தோடு அப்படியே ஒப்பிட்டால் அநியாயம். நியூயார்க் மாநிலம் 1990ல் பைபாஸ் கணக்கை மருத்துவமனை வாரியாக வெளியிட்டபோது, நோயாளியின் வயது, இதயத்தின் வலு, கூடவே உள்ள நோய்கள் எல்லாவற்றுக்கும் கழிவு கொடுத்தே கணக்கிட்டது. அப்படிக் கணக்கிட்ட இறப்பு, 1989ல் நூற்றுக்கு நாலுக்கு மேல் இருந்தது. 1992ல் இரண்டரைக்கு இறங்கியது. வெளியீடு மட்டுமே காரணமா என்ற சர்ச்சை இன்னும் ஓயவில்லை. கடினமான நோயாளிகளைச் சிலர் தவிர்த்தார்கள் என்ற புகாரும் உண்டு. ஆகவே கழிவு முறையை மருத்துவர்களையே வைத்து வகுக்க வேண்டும். ஆண்டுக்குப் பத்து அறுவை நடக்கும் இடத்தில் ஒரு மரணம் ஒன்றையும் நிரூபிக்காது. மூன்றாண்டுக் கணக்கைச் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடலாம். நோயாளியை அனுப்புவதற்குக் கமிஷன் வாங்குவதை இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிகளே தடுக்கின்றன. முணுமுணுப்பு மட்டும் நின்றபாடில்லை. ‘ஏன் இந்த மருத்துவமனை’ என்று சீட்டில் ஒரு வரி எழுதியாக வேண்டுமென்று வந்தால், கமிஷனுக்குக் கொஞ்சம் வெட்கமாவது வரும்.

பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் கலெக்டர் வரை விசாரணை போகிற மாநிலம் இது. கணக்குப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. காப்பீட்டுத் திட்டத்தில் இருக்கும் மூட்டு மாற்று ஒன்றையே முதலில் எடுத்து, குமரி மாவட்டத்திலேயே தொடங்கலாம். வராந்தாவில் நிற்கிற அந்த மகனுக்கு, மச்சான் சொல்வதோடு வைத்துப் பார்க்க இன்னொரு தாளும் கையில் இருக்கட்டும்.