வைரத்தில் மறையும் ரிங்கிட்

செலாயாங் மாமாக் கடைகளில் இரவு பத்துக்கு மேல் பாருங்கள்: தே தாரிக் ஆறிக்கிடக்கும், பையன்கள் 'மொபைல் லெஜென்ட்ஸ்' கைப்பேசி விளையாட்டில் மூழ்கியிருப்பார்கள். நானும் விளையாடுகிறவன்தான். 2024 ஜூலையில் ரியாத்தில் நம் சிலாங்கூர் ரெட் ஜயன்ட்ஸ் குழு அந்த விளையாட்டின் அனைத்துலகப் போட்டியான எம்.எஸ்.சி. கிண்ணத்தை வென்றபோது நெஞ்சு நிமிர்ந்தது. இந்த விளையாட்டை நேசிப்பதால்தான் அதில் சுற்றும் அதிர்ஷ்டச் சக்கரங்களை வெறுக்கிறேன். ரிங்கிட்டை விளையாட்டுக்குள் செலவாகும் வைரமாக மாற்றிவிட்டால் செலவு கண்ணுக்குத் தெரியாது. சுற்றினால் என்ன விழும் என்பதும் தெரியாது. இது சூதாட்டம், வேறு பெயர் வேண்டாம். குலுக்கலில் விழும் பொருள்களை முழுத்தொகுப்பாகச் சேர்த்தால் பரிசு தரும் 'காச்சா' முறையை ஜப்பான் 2012இலேயே சட்டவிரோதம் என்றது. விளையாட்டுகளில் காசுக்கு விற்கும் பரிசுப்பெட்டிகளை 2018இல் பெல்ஜியம் சூதாட்டம் என்றே அறிவித்தது. மலேசியாவில் நம்மிடமோ கைப்பேசி வருவதற்கு முன்பே எழுதிய 1953ஆம் ஆண்டுச் சூதாட்டக் கூடச் சட்டம்தான். லாட்டரி விற்கும் நம்பர் கடைக்குள் 21 வயதாகாதவர் நுழையக்கூடாது. ஆனால் கைப்பேசிச் சக்கரத்தைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை சுற்றுகிறான். இந்தச் சக்கரங்களை விட்டால் பிழைக்க வேறு வழியில்லை என்று விளையாட்டு நிறுவனங்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. கோலாலம்பூரின் மெட்ரோனோமிக் நிறுவனம் உருவாக்கி 2020இல் வெளிவந்த 'நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ்' விலை கொடுத்து வாங்கி முழுதாக ஆடும் விளையாட்டு. ஒவ்வொரு சுற்றின் விலையையும் ரிங்கிட்டிலேயே காட்டவும், பதினெட்டு வயதுக்குக் கீழ் இந்தச் சக்கரத்தைப் பூட்டவும் அரசு கட்டளையிட வேண்டும். பெற்றோரே, பிள்ளையின் விளையாட்டுக் கணக்கோடு உங்கள் மின்பணப்பை இணைந்திருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.