உதட்டுப் பிளவு: பழி கிரகணத்துக்கு, தண்டனை தாய்க்கு

1977 மார்ச் 10. ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகத்தின் 1 மீட்டர் தொலைநோக்கி யுரேனஸ் கோளைப் பார்த்துக் கொண்டிருந்தது. ஒரு விண்மீனை யுரேனஸ் மறைத்துக் கடக்க வேண்டிய நேரம். ஆனால் கோள் வந்து மறைப்பதற்கு முன்பே விண்மீனின் ஒளி சில நொடிகள் மங்கி மீண்டது. ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அதைப் பதிவு செய்தார்கள். வானில் பறந்தபடி ஆய்வு செய்த அமெரிக்கக் குழுவும் அதைக் கண்டது. யுரேனசுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் அறிந்துகொண்டது இப்படித்தான். ஒரு வான்பொருள் இன்னொன்றை மறைக்கிறது, அவ்வளவுதான். கிரகணம் என்பதும் அதுவே.

அந்தக் கண்டுபிடிப்புக்கு ஐம்பது ஆண்டுகள் ஆகப் போகின்றன. இன்னமும் தமிழ்நாட்டில் உதடு பிளந்த குழந்தை பிறந்தால் தாயிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, "கிரகணத்தன்னைக்கு வெளியே போனியா? காய் நறுக்கினியா?" என்பதுதான். மலையிலும் கேட்கிறார்கள், சமவெளியிலும் கேட்கிறார்கள். குழந்தையின் உதட்டை எப்படிச் சரிசெய்வது என்ற பேச்சு வருவதற்கு முன்பே தாய் குற்றவாளி ஆகிவிடுகிறாள்.

மருத்துவம் சொல்வது வேறு. கருவில் முகம் தனித்தனிப் பகுதிகளாக வளர்ந்து நடுவில் வந்து இணைகிறது. மேலுதடு ஏறத்தாழ 4 முதல் 7 வாரத்துக்குள்ளும், அண்ணம் 6 முதல் 9 வாரத்துக்குள்ளும் கூடிவிடும். அந்த இணைப்பு முழுமையடையாவிட்டால் பிளவு நின்றுவிடுகிறது. பல பெண்களுக்குத் தாங்கள் கருவுற்றிருப்பது உறுதியாகும் முன்பே இது முடிந்துவிடும். எட்டாவது மாதத்தில் வரும் கிரகணம் ஏற்கெனவே கூடிய உதட்டைத் திரும்பப் பிளக்க வழியே இல்லை. உலக அளவில் சுமார் 700 பிறப்புகளில் ஒன்றில் இந்தக் குறைபாடு இருக்கிறது. கிரகணமே இல்லாத மாதங்களிலும் இந்தக் குழந்தைகள் பிறந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

மெக்சிகோவிலும் இதே நம்பிக்கை உண்டு. அங்கே கர்ப்பிணிகள் கிரகணத்தின்போது வயிற்றருகே ஊக்கோ சாவியோ குத்திக்கொள்கிறார்கள். இரும்பு குழந்தையைக் காக்குமாம். இங்கே கத்தியையும் ஊசியையும் தொடக்கூடாது. இரும்பு குழந்தையைக் கெடுக்குமாம். ஒரே சூரியன், ஒரே நிலா. இரும்பு மட்டும் நாட்டுக்கு நாடு குணம் மாறுகிறது!

இதை மலைமக்களின் அறியாமை என்று எழுதிக் கடந்துபோவது எளிது. நாம் அதை ஏற்கவில்லை. கிரகணத்தன்று கோயில் நடையைச் சாத்துவது யார்? எந்த நட்சத்திரக்காரர் பரிகாரம் செய்ய வேண்டும், கர்ப்பிணிகள் எத்தனை மணி வரை வெளியே வரக்கூடாது என்று காலையிலிருந்து ஓடவிடும் தொலைக்காட்சிகள் யாருடையவை? ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடிப் பெண்கள் விறகுக்கும் சாமைக் காட்டுக்கும் போயாக வேண்டியவர்கள். வீட்டுக்குள் படுத்திருக்க முடிகிறவர்களுக்குத்தான் இந்த விதி வசதியானது. உழைக்கும் பெண்ணால் அதைக் கடைப்பிடிக்கவே முடியாது. ஆகவே குற்றம் எப்போதும் அவள் தலையில்தான் விடியும்.

கிரகணத்துக்கு அடுத்தபடியாகச் சொல்லப்படுவது முன்வினை. அதன் ஊற்றுக்கண் மனுநூலின் 11ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. முற்பிறப்பில் கள் குடித்தவனுக்குக் கறுத்த பல், கோள் சொன்னவனுக்கு நாறும் வாய், வேதச் சொல்லைத் திருடியவனுக்கு ஊமைத்தனம் என்று அங்கே ஒரு பட்டியலே உண்டு. உடற்குறையோடு பிறந்தவர்கள் மிச்சமிருக்கும் பாவத்தால் அப்படிப் பிறந்தார்கள், நல்லோரால் இகழப்படுவார்கள் என்று முடிகிறது அது. எவருக்குக் கல்வி மறுக்கப்பட்டதோ அவர் கற்றால் 'திருட்டு'. அதற்குத் தண்டனை பேச்சிழப்பு. பிறப்பால் தாழ்ந்தவன் என்பதற்கும் பிறப்பால் ஊனமானவன் என்பதற்கும் ஒரே விளக்கம்: நீ செய்த பாவம். 1927 டிசம்பர் 25 அன்று மகாத்தில் அம்பேத்கரின் தலைமையில் கொளுத்தப்பட்டது இந்த நூல்தான். 'மூளி' என்று ஒரு குழந்தையை அழைக்கும் வாயில் அது இன்னும் எரியாமல் இருக்கிறது.

உண்மையான காரணங்கள் பல. மரபணு, தாயின் ஊட்டக்குறைவு, சில வலிப்பு மருந்துகள், புகை, சர்க்கரை நோய் எனப் பலவும் சேர்ந்து செயல்படுகின்றன. பல நேரங்களில் ஒரு குறிப்பிட்ட காரணத்தைச் சுட்ட முடிவதில்லை. நெருங்கிய உறவில் மணம் முடிப்பதும் வாய்ப்பைக் கூட்டும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் சொந்தத்துக்குள் நடந்தவை. சாதியின் உயிர்நிலை அகமணம் என்று 1916இலேயே அம்பேத்கர் சொன்னார். கிரகணத்துக்கு அஞ்சும் சமூகம் இதற்கு அஞ்சுவதில்லை.

அண்ணப் பிளவுள்ள குழந்தையால் முலையைச் சரியாக உறிஞ்ச முடியாது. பால் மூக்கு வழியே வரும். தாய்ப்பாலைப் பீய்ச்சி, குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, பாலாடையிலோ கரண்டியிலோ கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்ட வேண்டும். இதைச் சொல்லித்தர ஒரு செவிலியர் போதும். சொல்லித்தராவிட்டால் குழந்தை இளைக்கும். உதட்டு அறுவை சிகிச்சைக்கு மருத்துவர்கள் பின்பற்றும் பழைய கணக்கு ஒன்று உண்டு: 10 வாரம், 10 பவுண்டு எடை (சுமார் நாலரைக் கிலோ), 10 கிராம் ஹீமோகுளோபின். வறுமை முதலில் கை வைப்பது இந்த எடையிலும் இரத்தத்திலும்தான். தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் பின்னால் பேச்சைப் பாதிக்கும். அண்ணத்தை ஒன்றரை வயதுக்குள் மூடாவிட்டால் சொற்கள் மூக்கால் வரத் தொடங்கும். பள்ளியில் வகுப்பு சிரிக்கும். ஆசிரியருக்குப் புரியாது. குழந்தை வாய் திறப்பதை நிறுத்திவிடும். மனு விதித்த ஊமைத்தனத்தை நாம் நம் அலட்சியத்தால் நிறைவேற்றி வைக்கிறோம்.

அறுவை சிகிச்சைக்குப் பணம் இல்லை என்பதல்ல இன்றைய சிக்கல். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டத்தில் உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் இடம்பெற்றுள்ளன. 18 வயது வரை பொறுப்பு அரசுடையது. இலவசமாகச் செய்துதரும் தொண்டு அமைப்புகளும் இருக்கின்றன. ஆனால் இது ஒருநாள் வேலை அல்ல. உதடு, பிறகு அண்ணம், பிறகு பேச்சுப் பயிற்சி. பிளவு ஈறு வழியே போயிருந்தால் பக்கத்து வெட்டுப்பல் முளைக்காமலோ கோணலாகவோ இருக்கும். கோரைப்பல் வருவதற்கு முன், 8 முதல் 11 வயதுக்குள், இடுப்பெலும்பிலிருந்து எடுத்து ஈற்றில் வைத்துச் சரிசெய்ய வேண்டும். அதன்பின் பல்லுக்குக் கம்பி. ஒவ்வொரு முறையும் ஜமுனாமரத்தூரிலிருந்து மலையிறங்க வேண்டும். பேருந்துக் கட்டணம், இரண்டு பேரின் கூலி, வீட்டில் விட்டுவந்த மற்ற பிள்ளைகள். பத்திரிகையில் படம் வருவது முதல் அறுவைக்கு மட்டும்தான். 2023இல் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் பாம்பு கடித்து இறந்த குழந்தையின் உடலைத் தாய் தூக்கிக்கொண்டு நடந்ததைத் தமிழ்நாடே பார்த்தது. உயிர் போகும் அவசரத்துக்கே சாலை இல்லாதபோது, பேச்சுப் பயிற்சிக்கு யார் இறங்குவார்கள்?

ஆகவே அரசிடம் நாம் கேட்பவை இவை. மலையில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையின் வாய்க்குள்ளும் விளக்கடித்துப் பார்க்க வேண்டும். உதடு சரியாக இருந்து அண்ணம் மட்டும் பிளந்திருந்தால் கண்ணுக்குத் தப்பிவிடும். பாலூட்டும் பயிற்சி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்க வேண்டும். பேச்சுப் பயிற்சியாளர் மாதந்தோறும் மலையேறி வரட்டும். குழந்தை இறங்க வேண்டாம். இறங்கியே தீரவேண்டிய நாட்களுக்குப் பயணச் செலவும் இழந்த கூலியும் தரப்பட வேண்டும். உண்டு உறைவிடப் பள்ளி ஆசிரியர்களுக்கு இந்தக் குழந்தைகளின் பேச்சைப் பொறுமையாகக் கேட்கப் பயிற்சி வேண்டும்.

தோழர்களுக்கும் வேலை இருக்கிறது. கிரகண நேரத்தில் கர்ப்பிணிகளோடு சேர்ந்து உண்டு காட்டுவது பெரியார் இயக்கத்தின் பழக்கம். 2027 ஆகஸ்ட் 2 மாலை தமிழ்நாட்டில் பகுதிச் சூரிய கிரகணம் தெரியும். அன்று ஜவ்வாது மலைக்குப் போவோம். கண்ணுக்கு உரிய வடிகட்டியோடு மலைப்பெண்கள் சூரியனைப் பார்க்கட்டும். காய் நறுக்கிச் சமைத்து ஒன்றாக உண்போம். உதடு பிளந்த பிள்ளையைப் பெற்ற ஒரு தாய் அந்தப் பந்தியில் இருந்தால், "உன் மேல் எந்தத் தப்பும் இல்லை அம்மா" என்று அவளிடம் சொல்வோம். இத்தனை ஆண்டுகளாக யாரும் அவளிடம் சொல்லாதது அது.