மானி சொல்வதெல்லாம் மெய்யா?



கடைத்தெருவில் தராசுகளைச் சோதிக்க முத்திரை ஆய்வாளர் வருவது உண்டு. அவர் என்ன செய்கிறார்? "உம்முடைய தராசு சரிதானா?" என்று கடைக்காரரிடம் கேட்டுவிட்டுப் போய்விடுவதில்லை. முள்ளை மட்டும் பார்த்துத் திருப்தி அடைவதும் இல்லை. தாம் கொண்டுவந்த, அளவு உறுதி செய்யப்பட்ட எடைக்கல்லைத் தட்டில் வைக்கிறார். ஒரு கிலோ கல்லுக்குத் தராசு ஒரு கிலோ காட்டினால் சரி. 1,050 கிராம் காட்டினால் தராசில் கோளாறு. நமக்குத் தெரிந்த ஓர் அளவைக் கொடுத்து, கருவி அதை எப்படிச் சொல்கிறது என்று பார்ப்பதுதான் சோதனை.

ஒரு பெரிய தொழிற்சாலையில் நூற்றுக்கணக்கான மானிகள் இருக்கும். கொதிகலனின் அழுத்தம், உலையின் வெப்பநிலை, தொட்டியில் உள்ள திரவத்தின் மட்டம் என எல்லாவற்றையும் கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்திருப்பவர் மானிகள் வழியாகவே அறிகிறார். அவர் தொட்டியைப் பார்ப்பதில்லை. தொட்டியைப் பற்றி மானி சொல்வதைத்தான் பார்க்கிறார். அந்த மானியே தவறாகச் சொன்னால்?

அதற்காகவே தொழிற்சாலைகளில் கையில் எடுத்துச் செல்லக்கூடிய சிக்னல் ஜெனரேட்டர் ஒன்று இருக்கிறது. 'லூப் காலிப்ரேட்டர்' என்றும் சொல்வார்கள். மின்கலத்தால் இயங்கும் சிறு பெட்டி அது. அதைத் தொழிற்சாலையின் எடைக்கல் எனலாம். அது வேலை செய்யும் விதத்தையும், அதைவிட முக்கியமாக, அதைப் பயன்படுத்துபவருக்கு இருக்க வேண்டிய மனப்பான்மையையும் பற்றி என் கருத்தை இங்கே சொல்ல விரும்புகிறேன்.

நான்கு முதல் இருபது வரை

தொட்டியின் அருகே டிரான்ஸ்மிட்டர் என்ற கருவி பொருத்தப்பட்டிருக்கும். திரவ மட்டத்தை அது மின்னோட்டமாக மாற்றிக் கம்பி வழியே கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்பும். அளக்கும் எல்லையின் அடிமட்டத்தில் திரவம் இருந்தால் 4 மில்லி ஆம்பியர்; உச்சத்தில் இருந்தால் 20 மில்லி ஆம்பியர்; பாதியில் இருந்தால் 12 மில்லி ஆம்பியர். 1975ஆம் ஆண்டில் அமெரிக்கக் கருவியியல் சங்கம் இதைத் தர அளவாக வெளியிட்டது. இன்றும் உலகெங்கும் தொழிற்சாலைகளில் இம்முறை வழக்கில் உள்ளது.

மின்னழுத்தத்தை விட்டு மின்னோட்டத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? உங்கள் பௌதிகப் பாடத்திலேயே விடை இருக்கிறது. தொடர் சுற்றில் எல்லா இடத்திலும் மின்னோட்டம் ஒன்றே. கம்பி நீளமாக இருந்தால் அதன் மின்தடையால் மின்னழுத்தத்தில் ஒரு பகுதி வழியிலேயே குறைந்துவிடும். மின்னோட்டமோ புறப்பட்ட அளவிலேயே போய்ச் சேரும். கட்டுப்பாட்டு அறையில் 250 ஓம் மின்தடை ஒன்றின் வழியே அதைச் செலுத்தினால், ஓம் விதிப்படி 4 மில்லி ஆம்பியருக்கு 1 வோல்ட்டும் 20 மில்லி ஆம்பியருக்கு 5 வோல்ட்டும் கிடைக்கும்.

சரி, சுழியத்தில் தொடங்காமல் நான்கில் தொடங்குவானேன்? கம்பி அறுந்துபோனால் மின்னோட்டம் சுழியம் ஆகிவிடும். காலித் தொட்டிக்கும் சுழியம் என்று வைத்திருந்தால், தொட்டி காலியா, கம்பி அறுந்ததா என்று பிரித்தறிய முடியாது. 4 வந்தால் காலி. 0 வந்தால் கோளாறு. எளிமையான, ஆனால் ஆழமான ஏற்பாடு அல்லவா?

இப்போது நம் பெட்டிக்கு வருவோம். தொழில்நுட்பர் முதலில் கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் தெரிவித்து, தானியங்கிக் கட்டுப்பாட்டைக் கைமுறைக்கு மாற்றச் சொல்கிறார். இல்லையென்றால், பெட்டி அனுப்பும் செயற்கைச் சமிக்ஞையை உண்மை என்று கருதி இயந்திரம் வால்வைத் திறந்துவிடும். பிறகு டிரான்ஸ்மிட்டரின் இணைப்பை விலக்கி, அவ்விடத்தில் பெட்டியை இணைக்கிறார். 4, 8, 12, 16, 20 மில்லி ஆம்பியர் என்று படிப்படியாக ஏற்றுகிறார். மானி 0, 25, 50, 75, 100 சதவீதம் காட்ட வேண்டும். பிறகு அதேபோல் இறக்கிப் பார்க்கிறார். ஏறும்போது சரியாகவும் இறங்கும்போது தவறாகவும் காட்டும் கருவிகளும் உண்டு.

எச்சரிக்கை மணி 80 சதவீதத்தில் ஒலிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 16.8 மில்லி ஆம்பியர் கொடுத்தால் மணி ஒலித்தாக வேண்டும். தொட்டியை உண்மையிலேயே அபாய மட்டம் வரை நிரப்ப வேண்டியதில்லை. அபாயம் இல்லாமலே அபாயத்தைக் காட்டிப் பார்க்கலாம். இந்தச் சிறு பெட்டியின் பெரும் பயன் இதுதான்.

டெக்சாஸில் நடந்தது

சோதனையைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உண்மை நிகழ்ச்சியைச் சொல்கிறேன். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் டெக்சாஸ் சிட்டி என்ற ஊர் இருக்கிறது. அங்கே அப்போது பி.பி. நிறுவனம் நடத்திவந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில், 2005ஆம் ஆண்டு மார்ச் 23 அன்று, பராமரிப்புக்காக நிறுத்தியிருந்த ஒரு பிரிவை மீண்டும் இயக்கத் தொடங்கினார்கள். அதில் 170 அடி உயரமுள்ள ஒரு கோபுரம் இருந்தது. அதன் அடியில் சுமார் 9 அடி வரை மட்டுமே திரவ மட்டத்தை அளக்கும் டிரான்ஸ்மிட்டர் பொருத்தப்பட்டிருந்தது.

கோபுரத்துக்குள் திரவம் போய்க்கொண்டே இருந்தது, வெளியேறவில்லை. மட்டம் 9 அடியைத் தாண்டி மேலே மேலே ஏறியது. ஆனால் மானியோ மட்டம் மெல்லக் குறைந்து வருவதாகக் காட்டியது! பகல் ஒரு மணியளவில் அது 78 சதவீதம், அதாவது 8 அடிக்கும் குறைவு என்று காட்டியபோது, உள்ளே திரவம் 158 அடி உயரத்தில் இருந்தது. மட்டம் உயர்ந்தால் தனியாக எச்சரிக்க வேண்டிய மணியும் ஒலிக்கவில்லை. திரவம் பொங்கி வழிந்து, ஆவி மேகமாகப் பரவி வெடித்தது. 15 பேர் மாண்டனர். 180 பேர் காயமடைந்தனர்.

மானி ஏன் அப்படிக் காட்டியது? ஆர்க்கிமிடிஸ் விதி உங்களுக்குத் தெரியும். அந்த டிரான்ஸ்மிட்டரில் திரவத்துக்குள் தொங்கும் ஓர் உருளை உண்டு. திரவம் ஏற ஏற உருளையின் மீது செயல்படும் மிதப்பு விசை கூடும். அந்த விசையைக் கொண்டே கருவி மட்டத்தைக் கணிக்கும். உருளை முழுவதும் மூழ்கிய பிறகு, திரவம் இன்னும் எவ்வளவு ஏறினாலும் மிதப்பு விசை கூடாது. ஆனால் திரவம் சூடேறும்போது அதன் அடர்த்தி குறையும். அடர்த்தி குறைந்தால் மிதப்பு விசையும் குறையும். கருவி இதை 'மட்டம் இறங்குகிறது' என்று புரிந்துகொண்டது. அன்று கோபுரத்தில் இருந்த திரவத்தின் அடர்த்திக்கு ஏற்ப அக்கருவி அளவு திருத்தப்படவும் இல்லை.

இயக்கத் தொடங்குமுன் செய்ய வேண்டிய கருவிச் சோதனைகள் முழுமையாகச் செய்யப்படவில்லை என்பதை அமெரிக்க இரசாயனப் பாதுகாப்பு வாரியம் 2007இல் வெளியிட்ட அறிக்கையில் காணலாம்.

பெட்டி எட்டாத இடம்

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. நம் சிக்னல் ஜெனரேட்டரைக் கொண்டுவந்து மில்லி ஆம்பியர் கொடுத்துப் பார்த்திருந்தால் அந்த டிரான்ஸ்மிட்டரின் கோளாறு தெரிந்திருக்குமா? தெரிந்திருக்காது! 12 கொடுத்தால் மானி 50 சதவீதம் என்று சரியாகவே காட்டியிருக்கும். ஏனெனில் தவறு கம்பியில் இல்லை, மானியிலும் இல்லை. மின்னோட்டம் பிறப்பதற்கு முன்பே, உருளையும் திரவமும் சந்திக்கும் இடத்தில் அது இருந்தது. அதைக் கண்டறிய, உருளையை அடர்த்தி தெரிந்த திரவத்தில் மூழ்க வைத்தோ, உருளைக்குப் பதில் தக்க எடைகளைத் தொங்கவிட்டோ பார்த்திருக்க வேண்டும். எடைக்கல் மீண்டும் வந்துவிட்டது, பாருங்கள்!

ஆகவே பெட்டியைக் கையில் எடுப்பது மட்டும் போதாது. நான் கொடுக்கும் தெரிந்த அளவு எந்த இடத்தில் நுழைகிறது, அதற்கு முன்னால் இருப்பதை யார் சோதித்தது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். தன் சோதனை எதுவரை எட்டுகிறது என்று அறிந்தவரே நல்ல சோதனையாளர்.

சோதிப்பவரும் தவறலாம். உலைகளில் வெப்பநிலையை அளக்கும் தெர்மோகப்பிளை எடுத்துக்கொள்வோம். 'கே' வகைத் தெர்மோகப்பிளின் ஒரு சந்தி 0 டிகிரி செல்சியஸிலும் மற்றது 100 டிகிரியிலும் இருந்தால் 4.096 மில்லி வோல்ட் தரும். இதை அட்டவணையில் பார்த்துவிட்டு ஒருவர் 4.096 மில்லி வோல்ட்டை அப்படியே மானிக்குக் கொடுக்கிறார். அறையின் வெப்பநிலை 30 டிகிரி. மானி அதற்குரிய 1.203 மில்லி வோல்ட்டைத் தானே கூட்டிக்கொண்டு ஏறத்தாழ 129 டிகிரி என்று காட்டும். "மானி கெட்டுவிட்டது" என்று அவர் முடிவு கட்டிவிடுவார். உண்மையில் மானி தன் வேலையைச் சரியாகவே செய்தது. அவர் கொடுத்திருக்க வேண்டியது 2.893 மில்லி வோல்ட்தான்.

சோதித்த பின் எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவருவதும் சோதனையின் ஒரு பகுதியே. இங்கிலாந்தில் பன்ஸ்ஃபீல்டு எண்ணெய்க் கிடங்கில் 2005 டிசம்பர் 11 அன்று பெட்ரோல் தொட்டி நிரம்பி வழிந்து பெரும் வெடிப்பு ஏற்பட்டது. 40க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். மட்டம் காட்டும் மானி ஒரே இடத்தில் நின்றுவிட்டிருந்தது. தனியாக இருந்த பாதுகாப்பு ஸ்விட்சும் வேலை செய்யவில்லை. அந்த ஸ்விட்சைச் சோதிப்பதற்கென்றே ஒரு நெம்புகோல் இருந்தது. சோதித்த பின் அதை உரிய நிலையில் நிறுத்த ஒரு பூட்டு வேண்டும். அந்தப் பூட்டின் அவசியம் அங்கிருந்தவர்களுக்குச் சரியாகத் தெரிந்திருக்கவில்லை. சோதனைக்காக அமைத்த ஏற்பாடே ஸ்விட்சைச் செயலற்றதாக்கிவிட்டது.

"இக்காலத்துக் கருவிகளில் நுண்செயலிகள் இருக்கின்றன, தம் கோளாறைத் தாமே சொல்லிவிடும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைவானேன்?" என்று சிலர் கேட்கிறார்கள். தன் சுற்றில் பழுது ஏற்பட்டால் அத்தகைய கருவி சொல்லும் என்பது உண்மையே. ஆனால் தனக்குக் கொடுக்கப்பட்ட அடர்த்தி தவறானது என்று அது தானாக எப்படி அறியும்? தராசு தன்னைத் தானே நிறுத்துக்கொள்ள முடியாது. "உற்பத்தி நின்றுவிடும், நேரமில்லை" என்பது மற்றொரு வாதம். சோதனைக்கு ஆகும் நேரம் கணக்கில் தெரிகிறது. விபத்து நிகழும் வரை, சோதிக்காததன் விலை கணக்கில் தெரிவதில்லை. வேறுபாடு அவ்வளவே.

நம் ஆய்வுக்கூடத்தில்

இதெல்லாம் பொறியாளர்களுக்கு, நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். நம் பள்ளி ஆய்வுக்கூடத்தில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். விடை என்ன வர வேண்டும் என்பது முன்பே தெரியும். அளவீடு சற்று விலகினால் குறிப்பேட்டில் எண்ணைத் 'திருத்தி' எழுதுகிறோம். அம்மீட்டரின் முள் சுழியத்தில் நிற்கிறதா என்று பார்ப்பவர் எத்தனை பேர்? செய்யாத சோதனைக்குக் கையொப்பம் இடும் பழக்கம் ஆலையில் தொடங்குவதில்லை. இங்கேதான் தொடங்குகிறது என்பது என் கருத்து. மாணவர்களை மட்டும் குறை சொல்லவில்லை. 'சரியான' விடைக்கு மட்டுமே மதிப்பெண் தரும் முறையும் மாற வேண்டும். "என் மானி இவ்வளவு தவறாகக் காட்டுகிறது, இப்படிக் கண்டுபிடித்தேன்" என்று எழுதும் மாணவருக்கு முழு மதிப்பெண் தர வேண்டும்.

சிக்னல் ஜெனரேட்டர் வேண்டியதில்லை. உருகும் பனிக்கட்டியில் வெப்பமானியை வையுங்கள். 0 டிகிரி காட்டுகிறதா? கொதிக்கும் நீரின் ஆவியில் பிடியுங்கள், 100 காட்டுகிறதா? ஊட்டியில் இருப்பவர்கள் 100ஐ எதிர்பார்க்க வேண்டாம். அங்கே காற்றழுத்தம் குறைவு. நீர் முன்னதாகவே கொதித்துவிடும். நீங்கள் கொடுக்கும் அளவையும் நன்கு அறிந்திருக்க வேண்டும் என்பதற்கு அதுவே பாடம். வீட்டுத் தராசில் ஒரு பாத்திரத்தை வைத்து, பிறகு அளந்த 100 மில்லி லிட்டர் நீரை அதில் ஊற்றுங்கள். 100 கிராம் கூடுகிறதா?

கருவியைச் சோதிப்பது அதை அவமதிப்பது ஆகாது. அதை நம்பித் தங்கள் உயிரை ஒப்படைத்திருப்பவர்களுக்கு நாம் செய்யும் கடமை அது. அடுத்த ஆய்வு வகுப்பில் அளவெடுக்கத் தொடங்குமுன், உங்கள் மானிக்குத் தெரிந்த ஓர் அளவைக் கொடுத்துப் பாருங்கள். அது சொல்லும் விடையை, எப்படி இருந்தாலும், அப்படியே குறிப்பேட்டில் எழுதுங்கள்.