லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்? கேள்வியை மாற்றிக் கேளுங்கள்

மாணவர்களே, பள்ளி விடுமுறை நாட்களில் பினாங்குப் பாலத்தையோ வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையையோ கவனித்திருக்கிறீர்களா? கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, சில வண்டிகளில் கழிப்பறை வரை எல்லாவற்றையும் சுமந்துகொண்டு ஓடும் நடமாடும் வீடுகளை அங்கே காணலாம். மோட்டார்ஹோம், கேம்பர்வேன் என்று அவற்றை அழைக்கிறோம். பழைய வேனையும் சிறு பேருந்தையும் மாற்றியமைத்துச் செய்தவை உண்டு; வெளிநாட்டிலிருந்து வந்தவையும் உண்டு. தெலுக் பஹாங் கடற்கரையில் ஒரு நாள், கேமரன் மலையில் ஒரு நாள் என்று குடும்பத்தோடு சுற்ற இதைவிட வசதி இல்லை என்கிறார்கள் அவற்றின் உரிமையாளர்கள்.

அவர்களிடம் "வண்டி எவ்வளவு எண்ணெய் குடிக்கும்?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு சிரிப்புதான் பதிலாக வரும். "இவ்வளவு பெரிய வண்டிக்கு எண்ணெய்க் கணக்குப் பார்க்க முடியுமா? லிட்டருக்கு நாலு ஓடினால் என்ன, அஞ்சு ஓடினால் என்ன?" என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் கணக்குப் போட்டால் நேர்மாறான விடை வருகிறது. வண்டி பெரிதாக இருக்கும்போதுதான் நாலுக்கும் அஞ்சுக்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது என்பதே என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

ஏமாற்றும் அளவுகோல்

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வண்டிகள், இரண்டும் 1,000 கிலோமீட்டர் ஓடுகின்றன.

முதல் வண்டி சிறிய கார். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடிய அதை விற்றுவிட்டு, 20 கிலோமீட்டர் ஓடும் புதிய காரை வாங்குகிறார் ஒருவர். முன்பு தேவைப்பட்டது ஏறக்குறைய 67 லிட்டர். இப்போது 50 லிட்டர். மிச்சம் 17 லிட்டர்.

இரண்டாவது வண்டி மோட்டார்ஹோம். நிதானமாக ஓட்டி, தேவையற்ற சுமையை இறக்கி, லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்பதை 5 ஆக்குகிறார் இன்னொருவர். முன்பு 250 லிட்டர். இப்போது 200 லிட்டர். மிச்சம் 50 லிட்டர்.

காரில் 5 கிலோமீட்டர் முன்னேற்றம். மோட்டார்ஹோமில் ஒரே ஒரு கிலோமீட்டர் முன்னேற்றம். ஆனால் எண்ணெய் மிச்சமோ மோட்டார்ஹோமில் மூன்று மடங்கு! 'லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்' என்பது வகுத்தல் கணக்கு. அதில் எண்கள் சீராக ஏறினாலும் எண்ணெய்ச் செலவு சீராக இறங்குவதில்லை. நம் மனம் அதைக் கூட்டல் கணக்காக எடுத்துக்கொண்டு ஏமாந்துபோகிறது.

இந்த மயக்கத்தை அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் லாரிக், ஜேக் சோல் ஆகிய இருவரும் 2008ஆம் ஆண்டு 'சயன்ஸ்' ஆய்விதழில் விளக்கிக் காட்டினார்கள். அமெரிக்காவில் 2013ஆம் ஆண்டு மாடல் தொடங்கி, புதிய கார்களின் கண்ணாடியில் ஒட்டப்படும் விவரச் சீட்டில் '100 மைலுக்கு எத்தனை கேலன்' என்ற எண்ணும் சேர்ந்தது. ஆஸ்திரேலியாவும் பல ஐரோப்பிய நாடுகளும் '100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர்' என்றே அளக்கின்றன. நாமும் அப்படித்தான் கேட்க வேண்டும். அப்போது காரின் கணக்கு 6.7இலிருந்து 5 ஆகிறது. மோட்டார்ஹோமின் கணக்கு 25இலிருந்து 20 ஆகிறது. எது பெரிய சேமிப்பு என்பதைக் கண்ணே சொல்லிவிடும்.

எண்ணெய் எங்கே போகிறது?

ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 36 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. அதில் 30 விழுக்காடு அளவுதான் சக்கரத்தைச் சுழற்றும் வேலைக்குப் பயன்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி வெப்பமாக வெளியேறிவிடும். ஆகவே நமக்குக் கிடைப்பது லிட்டருக்குச் சுமார் 11 மெகாஜூல். இதை மூன்று எதிரிகள் பங்கு போட்டுக்கொள்கிறார்கள்.

முதல் எதிரி காற்று. வண்டியின் முன்பக்கப் பரப்பும் அதன் வடிவமும் காற்றுத் தடையை முடிவு செய்கின்றன. காரின் உருவம் தாழ்ந்து, வளைந்து இருக்கும். மோட்டார்ஹோமோ அலமாரியை நிமிர்த்தி வைத்ததுபோல இருக்கும். 2.3 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் உள்ள ஒரு மோட்டார்ஹோமுக்குக் காற்றுத் தடை, சாதாரணக் காரைப்போல் ஐந்தாறு மடங்கு இருக்கலாம்.

இந்தத் தடை வேகத்தின் இருபடியாக உயரும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் தடை 100 பங்கு என்றால், 80 கிலோமீட்டர் வேகத்தில் அது 64 பங்குதான். (10 × 10 = 100; 8 × 8 = 64.) வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் காற்றோடு போராடும் செலவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது.

நான் போட்ட கணக்கின்படி, மேலே சொன்ன அளவுள்ள 5 டன் வண்டி 100 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 100 கிலோமீட்டருக்குச் சுமார் 21 லிட்டர் டீசல் வேண்டும். 80இல் போனால் சுமார் 15 லிட்டர் போதும். ஜார்ஜ்டவுனிலிருந்து கோலாலம்பூருக்கு ஏறக்குறைய 350 கிலோமீட்டர். ஒருவழிப் பயணத்திலேயே 20 லிட்டர் மிச்சம்! அதற்குக் கொடுக்கும் விலை ஐம்பது நிமிடச் சொச்சம் கூடுதல் பயணம். உல்லாசப் பயணம் போகிறவருக்கு ஐம்பது நிமிடம் பெரிய இழப்பா?

இரண்டாவது எதிரி சக்கர உருளல் தடை. இது எடையைப் பொறுத்தது. 100 லிட்டர் தண்ணீரை நிரப்பினால் 100 கிலோ கூடுகிறது. போகும் இடத்தில் குழாய் இருக்கும்போது தொட்டி நிறையத் தண்ணீரை இங்கிருந்தே சுமந்து போவானேன்? டயரில் காற்று குறைந்தாலும் இந்தத் தடை கூடும்.

மூன்றாவது எதிரி மலை. கேமரன் மலையில் உள்ள தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 5 டன் எடையை அங்கே தூக்கிவைக்க வேண்டிய ஆற்றலை இயற்பியல் பாடத்தில் நீங்கள் படித்த சூத்திரத்தால் கண்டுபிடிக்கலாம்: 5,000 × 9.8 × 1,440. விடை சுமார் 70 மெகாஜூல். அதாவது மேலே ஏற்றுவதற்கு மட்டும் ஆறு லிட்டருக்கு மேல் டீசல் செலவாகிறது. இறங்கும்போது அதில் ஒரு பகுதி வண்டியை உருட்டிச்செல்ல உதவும். மீதி பிரேக்கில் வெப்பமாகிக் காற்றில் கலந்துவிடும்.

உரிமையாளர்கள் சொல்வதில் நியாயம் உண்டா?

உண்டு. அதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும்.

"வருடத்தில் சில வாரங்கள்தானே ஓட்டுகிறோம்" என்பது அவர்களின் முதல் வாதம். ஆண்டுக்கு 3,000 கிலோமீட்டர் ஓடும் மோட்டார்ஹோம், லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்றாலும், 750 லிட்டர்தான் எரிக்கிறது. தினமும் பட்டர்வொர்த்திலிருந்து பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போய்வரும் ஒரு கார் ஆண்டுக்கு 20,000 கிலோமீட்டர் ஓடினால், லிட்டருக்கு 12 கிலோமீட்டர் என்ற கணக்கில், 1,600 லிட்டருக்கு மேல் எரிக்கிறது. ஆக, வண்டியின் உருவத்தை மட்டும் பார்த்துக் குற்றம் சொல்வது அறிவியல் ஆகாது. எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

"தங்கும் விடுதிச் செலவு மிச்சம்" என்பது இரண்டாவது வாதம். பணக்கணக்கில் இது உண்மையாக இருக்கலாம். ஆனால் புழுக்கமான நம் ஊரில் இரவெல்லாம் எஞ்சினை ஓடவிட்டுக் குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு உறங்கினால், ஒரு கிலோமீட்டர்கூட நகராமலே மணிக்கு ஒரு லிட்டர் அளவில் டீசல் போகும். மின் இணைப்பு உள்ள முகாம்களைத் தேடிப் போகிறவர்கள் இந்த வீண் செலவைத் தவிர்க்கிறார்கள்.

"ஒரே வண்டியில் ஆறு பேர் போகிறோம்" என்பது மூன்றாவது வாதம். இதுதான் வலுவானது. 100 கிலோமீட்டருக்கு 20 லிட்டர் குடிக்கும் வண்டியில் ஆறு பேர் போனால் தலைக்கு 3.3 லிட்டர். இரண்டு பேர் மட்டும் போனால் தலைக்கு 10 லிட்டர்! 100 கிலோமீட்டருக்கு 8 லிட்டர் கேட்கும் கார்களில் அவர்கள் ஆளுக்கொன்றாகத் தனித்தனியே போயிருந்தால்கூடச் செலவு அதைவிடக் குறைவு. 100 கிலோமீட்டருக்கு 30 லிட்டர் குடிக்கும் விரைவுப் பேருந்தில் 40 பேர் அமர்ந்தால் தலைக்கு முக்கால் லிட்டர்தான்.

யார் பணம்?

"என் வண்டி, என் பணம், நான் எண்ணெய் ஊற்றுகிறேன்" என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் நம் நாட்டில் எண்ணெய் விலையில் பொதுப் பணமும் கலந்திருக்கிறது.

2024 ஜூன் 10ஆம் தேதிவரை தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டர் 2 ரிங்கிட் 15 சென். அன்று மானியம் சீரமைக்கப்பட்டு விலை 3 ரிங்கிட் 35 சென்னாக உயர்ந்தது. அதன்பின் சந்தைக்கேற்ப அது மாறி வருகிறது. வேறுபாடு லிட்டருக்கு 1 ரிங்கிட் 20 சென். அதற்கு முன்பு, 1,500 கிலோமீட்டர் சுற்றுலாவில் 300 லிட்டர் எரித்த மோட்டார்ஹோமுக்கு, இந்தக் கணக்குப்படி, பொதுப் பணத்திலிருந்து 360 ரிங்கிட் போயிருக்கிறது. உரிமையாளர் கண்ணுக்கு அது தெரியவில்லை. மலிவாகக் கிடைத்த எதற்கும் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

2025 செப்டம்பர் இறுதியில் 'புடி95' திட்டம் தொடங்கியபோது ரோன்95 பெட்ரோல், தகுதியுள்ள மலேசியர்களுக்கு லிட்டர் 1 ரிங்கிட் 99 சென்னாக இருந்தது. மானியமில்லா விலை அப்போது 2 ரிங்கிட் 60 சென். தொடக்கத்தில் மாதத்திற்கு 300 லிட்டர் வரம்பு இருந்தது. வேறுபாடு 61 சென். பெரிய வண்டி வைத்திருந்தவர் 300 லிட்டரையும் பயன்படுத்தியிருந்தால் மாதம் 183 ரிங்கிட் மானியம் பெற்றிருப்பார். மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய் மாதம் 25 லிட்டர் போட்டவர் பெற்றிருப்பது 15 ரிங்கிட்தான். அதிகம் எரிப்பவருக்கு அதிக உதவி! வரம்பு வைத்தது சரியான முதல் படி. ஆனாலும் லிட்டர் கணக்கில் கொடுக்கும் எந்த மானியமும் பெரிய வண்டியின் பக்கம்தான் சாயும் என்பதை மறக்கக்கூடாது.

இன்னொரு செலவை யாரும் பணமாகக் கட்டுவதில்லை. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு உண்டாகிறது. லிட்டரின் எடையே ஒரு கிலோவுக்குக் குறைவாயிற்றே, எப்படி என்று கேட்பீர்கள். டீசலில் உள்ள கரிமம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்வதால்தான் எடை கூடுகிறது. கோலாலம்பூர்ப் பயணத்தில் மிச்சப்படுத்திய அந்த 20 லிட்டர், 54 கிலோ வாயுவைத் தடுக்கிறது. ஏறக்குறைய உங்களில் ஒருவரின் எடை!

உங்கள் வேலை

பினாங்கில் மோட்டார்ஹோம்கள் எண்ணிக்கையில் குறைவுதான். ஆனால் "பெரிய வண்டிக்கு எண்ணெய்க் கணக்கு எதற்கு?" என்ற அதே எண்ணம், காலை நெரிசலில் பாலத்தைத் தனியாளாகக் கடக்கும் பெரிய நான்கு சக்கர இயக்க வண்டிகளிலும் ஏழு இருக்கை வண்டிகளிலும் அமர்ந்திருக்கிறது. நெரிசலில் நின்றுகொண்டே எஞ்சின் ஓடும்போது லிட்டருக்குக் கிடைப்பது பூஜ்யம் கிலோமீட்டர்.

17 வயதானதும் உங்களில் பலர் கார் ஓட்டும் உரிமத்திற்குப் போவீர்கள். அதற்கு முன்பே ஒரு சோதனை செய்து பாருங்கள். வீட்டு வண்டியில் எண்ணெயை முழுமையாக நிரப்பும் நாளில், ஓடிய தூரத்தைக் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை முழுமையாக நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடித்தது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று பாருங்கள். லிட்டரைக் கிலோமீட்டரால் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். வழக்கமாக எத்தனை பேர் பயணம் செய்கிறீர்களோ, அந்த எண்ணால் மறுபடி வகுங்கள். மூன்று மாதம் எழுதிவந்தால் போதும்.

அந்த எண்ணை அப்பாவிடமும் அம்மாவிடமும் காட்டுங்கள். அடுத்த வண்டி வாங்கும் பேச்சு வீட்டில் எழும்போது, நிறத்தையும் இருக்கையையும் பேசி முடித்த பிறகாவது, "100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர், அதில் எத்தனை பேர் போகப்போகிறோம்?" என்று கேளுங்கள். மோட்டார்ஹோம் வாங்க ஆசைப்படும் மாமா இருந்தால் அவரிடமும் கேளுங்கள். வாங்க வேண்டாம் என்று தடுக்க அல்ல. வாங்கினால் 80இல் ஓட்டச் சொல்ல!