பெத்து முடிச்ச வயிறு

காசம்னா இருமல். இருமினா சளி. சளியில கிருமி இருந்தா நோய், இல்லாட்டி இல்ல. சுவரொட்டிகள் நமக்குக் கற்றுக்கொடுத்த பாடம் இவ்வளவுதான். நுரையீரலிலிருந்து ரத்தம் வழியே இறங்கும் கிருமி கருக்குழாயிலும் கருப்பையிலும் குடியேறி வருசக்கணக்கில் அடங்கிக் கிடக்கும் என்று எந்தச் சுவரொட்டி சொன்னது?

மருத்துவப் புத்தகத்தில் இந்த நோய் வழக்கமாக இடம்பெறுவது மலட்டுத்தன்மை பற்றிய பேச்சில்தான். பிள்ளையில்லாதவளைச் சோதிக்கும்போது அகப்படுவது. ஆக, வாரிசு தருகிறவரைதான் கருப்பைக்கு மதிப்பு. பெத்து முடிச்ச கெழவி வயித்துல என்ன கெடந்தா எவனுக்கென்ன? மாதவிலக்கு நின்றபின் உட்சவ்வு மெலிந்துவிடும், கிருமிக்குப் பிடிமானம் குறைவு, ஆகவே அரிது என்கிறார்கள். அரிதுதான், மறுக்கவில்லை. அதில் தேடாததால் அரிதானது எவ்வளவு?

நின்றுபோன ரத்தம் திரும்பப் படும். நாற்றத்தோடு வெள்ளை போகும். கருப்பைக்குள் சீழ் கட்டும். நடவுக்கும் சூளைக்கும் போய்த் தேய்ந்த பொம்பள இதை யாரிடம் சொல்வாள்? 'இந்த வயசுல இதென்னா அசிங்கம்'னு பழஞ்சேலையைக் கிழிச்சு வச்சுக்கிட்டு வேலைக்குப் போவா. ஊர்க்காரன் நம்மைத் தீட்டு என்றான். சேரி ஆம்பளை அவளைத் தீட்டு என்றான். தலித் அரசியல் இதைப் பேசாமல் எதைப் பேசப்போகிறது?

ஆஸ்பத்திரிக்கு வந்தால் முதலில் புற்றுநோய்ச் சந்தேகம். அது சரிதான், பார்த்தே ஆகவேண்டும். ஆனால் சுரண்டியெடுத்த சதை முழுவதையும் ஃபார்மலினில் போட்டால் கிருமி செத்துப்போகும், அப்புறம் வளர்த்துப் பார்க்க வழியில்லை. ஒரு துண்டை உப்புநீரில் போட்டுக் காசநோய்ச் சோதனைக்கு அனுப்ப எத்தனை கோடி செலவாகும்? 'புத்து இல்ல பாட்டி, போயிட்டு வா' என்பதோடு கதை முடிகிறது. இல்லையென்றால் கருப்பையையே எடுத்துவிடுவது. பெரும்பாலும் ஆறு மாத மாத்திரையில் தீரக்கூடிய நோய்க்குக் கத்தி!

குடிசையில் இருந்தபடியே மாத்திரை தின்றவர்களும் சானடோரியத்தில் படுத்தவர்களுக்கு இணையாகக் குணமாவார்கள் என்று 1959இல் உலகத்துக்குக் காட்டியது சென்னை ஆய்வு. இந்த ஊர் ஏழைகளின் உடம்பில் எழுதப்பட்ட பாடம் அது.

2018இல் மாதம் 500 ரூபாய் என்று தொடங்கிய சத்துணவுப் பணத்தை 2024 நவம்பரிலிருந்து 1000 ஆக்கினார்கள். பேர் பதிஞ்சாத்தான் காசு, நோயக் கண்டாத்தான் பேரு. 'ரெண்டு வாரமா இருமலா?' என்று வீடு வீடாகக் கேட்கிறவர்கள், 'நின்னது திரும்பப் பட்டுச்சா ஆயா?' என்றும் கேட்கட்டும்.