சேமிப்பைக் காப்பது துரோகமன்று

குடிநோயுற்ற கணவரைப் பிரிந்து வாழும் பெண்கள் பலர், கூட்டுக் கணக்கை முடக்குவது அவருக்குச் செய்யும் துரோகமாகாதா என்று எங்களிடம் கேட்கின்றனர். ஆகாது என்பதே எங்கள் கருத்து.

வீடு பிரிந்தாலும் வங்கிக் கணக்கு தானாகப் பிரிவதில்லை. இருவரில் எவரும் எடுக்கலாம் எனத் தொடங்கிய கணக்கை ஒருவரே ஒரு நாளில் காலிசெய்துவிட இயலும். ஆதலால், இருவரும் கையொப்பமிட்டாலன்றிப் பணம் தரலாகாது என வங்கிக்கு எழுதிக் கொடுத்து, ஒப்புகை பெறுங்கள். உங்கள் ஊதியம் தனிக் கணக்கில் சேரட்டும். தாய்வீட்டுச் சீதன நகை சட்டப்படி உங்கள் தனியுடைமை, அடகுக்குத் தராதீர்கள். அவர் கடனுக்குப் பிணைக் கையொப்பமிட்டால் அக்கடன் உங்களையும் சேரும்.

ஜீவனாம்சம் கோரவும் வழியுண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி கிடைக்கும். மகளிர் உதவி எண் 181.

குடும்பமே கடனை அடைத்துக்கொண்டிருக்கும்வரை குடியின் விலையை அவர் உணர்வதில்லை. அவர் சிகிச்சைக்கு இசையும் நாளில் மருந்துக்கும், அதுவரை பிள்ளைகளின் கல்விக்கும் பணம் எஞ்சியிருக்க வேண்டும். அதற்காகவே காக்கச் சொல்கிறோம்.