இரண்டு பேர், ஒரு நோட்டு

“புத்தகம் எழுதுவதா? நமக்கெல்லாம் ஏதம்மா நேரம்?” என்று அலுத்துக்கொள்ளும் சகோதரிகளுக்காகத்தான் இந்த வாரம் எழுதுகிறேன். ஒருத்தியாக உட்கார்ந்தால் நேரம் கிடைக்காதுதான். கூட ஒரு சிநேகிதி இருந்தால் எப்படியோ கிடைத்துவிடுகிறது!

நானும் எதிர்வீட்டுச் சிநேகிதியும் பிரசவ காலப் பத்தியச் சமையலைப் பற்றி இரண்டு வருஷமாக எழுதி வருகிறோம். விஷயமெல்லாம் அவள் அம்மா சொல்வது. அந்த அம்மாளுக்கு வயது 82. இப்போதெல்லாம் போன மாதம் சொன்னதை மறந்துவிட்டு வேறு மாதிரி சொல்கிறார். “அப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டு நிதானமாக எழுதலாமா?” என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். அதனால்தான் கேட்கிற வேலையை முதலிலேயே முடித்தோம். அவர் பேசப் பேச செல்போனில் பதிவு செய்துகொண்டோம். எழுதுவதற்கு மட்டும் அவசரப்படவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டு முதல் நாலு வரை. அவ்வளவுதான். ஒரு வாரம் அவள் செய்வாள், நான் அளந்து எழுதுவேன். அடுத்த வாரம் அவளிடம் ஒன்றும் கேட்காமல், எழுதினதை மட்டும் பார்த்து நான் செய்வேன். பூண்டுக் குழம்பு அதே ருசியில் வராவிட்டால் எழுத்தில் ஏதோ விட்டுப் போயிற்று என்று அர்த்தம். லேகியத்துக்கு ‘ஒரு பிடி ஓமம்’ என்றால் யார் கைப்பிடி? அந்த அம்மாளையே அள்ளச் சொல்லித் தராசில் போட்டோம், ஏறக்குறைய 20 கிராம் வந்தது. பிள்ளைகளுக்குப் பரீட்சை, தீபாவளி, வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் நோட்டுக்கு லீவு. அதற்காக மறுவாரம் இரட்டிப்பாக எழுதுவதும் கிடையாது.

இப்படி எழுதினால் புத்தகம் முடியுமா? பாரிஸில் 1952-ல் மூன்று பெண்கள் சேர்ந்து ஒரு சின்னச் சமையல் பள்ளி நடத்தினார்கள். ஜூலியா சைல்ட் அமெரிக்கர், சிமோன் பெக்கும் லூயிசெட் பெர்த்தோலும் பிரெஞ்சுக்காரர்கள். மூவரும் சேர்ந்து அமெரிக்கப் பெண்களுக்காகப் பிரெஞ்சுச் சமையல் புத்தகம் ஒன்று எழுதினார்கள். நடுவில் ஜூலியாவின் கணவருக்கு மார்ஸே, ஜெர்மனி, வாஷிங்டன், ஆஸ்லோ என்று ஓயாமல் மாற்றல். போன ஊரிலெல்லாம் ஜூலியா அடுப்பு மூட்டிப் பார்க்க, குறிப்புகள் தபாலிலேயே போய் வந்தன. முதலில் ஒப்புக்கொண்ட பதிப்பாளர் வேண்டாமென்று கைவிட்டு, வேறொருவர் மூலம் 1961-ல் வெளிவந்தபோது 700 பக்கத்துக்கு மேல் இருந்தது. மூன்றாமவர் குறைவாகவே வேலை செய்தார், வருமானத்தில் பங்கும் குறைவு. யாருக்கு எவ்வளவு என்பதை முதல் பக்கம் எழுதும்போதே பேசிக்கொள்வது நல்லது. சிநேகிதிதானே என்று விடாதீர்கள்.

எங்களுக்குள் காசு பற்றிப் பேச்சு வரவில்லை. தண்ணீரால்தான் வந்தது. பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரைக் குறைக்க வேண்டும், பிறந்த குழந்தையின் நாக்கில் தேன் தடவ வேண்டும் என்று அந்த அம்மாள் சொல்லியிருந்தார். இதை நான் எழுத மாட்டேன் என்றேன். பால் கொடுக்கிறவளுக்குத் தாகத்துக்குத் தண்ணீர் கொடுத்தே ஆகவேண்டும். குழந்தைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். தேனோ, ஒரு வயசு வரை கூடவே கூடாது.

“எங்கம்மா அஞ்சு பெத்து வளர்த்தவங்க. அவங்க சொல்றது தப்புன்னு நாமளே அச்சுல போடணுமா?” என்றாள் அவள். கண் கலங்கிவிட்டது.

இரண்டு செவ்வாய் நோட்டைத் திறக்கவில்லை. ஆனாலும் அவள் வந்தாள், காபி சாப்பிட்டோம், ஊர்க்கதை பேசினோம். மூன்றாவது வாரம் லேடி டாக்டரிடம் தானே கேட்டுவிட்டு வந்து, அந்த இரண்டு வரியையும் தன் கையாலேயே அடித்தாள். அம்மாவிடமும் சொல்லிவிட்டாளாம். “அப்படியா? எங்க மாமியார் சொன்னாங்க, நான் செஞ்சேன்” என்றாராம் அவர்.

இதுவரை 31 பதார்த்தங்கள் எழுதியாகிவிட்டது. இன்னும் ஒன்பது பாக்கி. அட்டையில் என் பெயர் முதலா, அவள் பெயர் முதலா என்று இன்னும் தீரவில்லை. “ரெண்டு பேரும் கீழே போடுங்கடி, மேலே என் பேரைப் போடுங்க” என்கிறார் அந்த அம்மாள்.